வலப்பக்கம் மலை!

போன் அலறியது.

காலை ஏழு நாற்பது. காணாமல் போன தம்பி நிக்கைத் தேடிக் கிளம்ப, ப்ளாஸ்க்கில் சூப் ஊற்றிக்கொண்டிருந்த வெரா போப்பாஃப் பாய்ந்து எடுத்தாள்.

"வெரா... லேண்ட்ரி பேசறேன்."

கார்ப்பரல் லேண்ட்ரி. லார்ச் ஃபோர்க் பள்ளத்தாக்குக்கு இருக்கிற ஒரே போலீஸ்காரர். எப்போதும் அவர் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்று இல்லை.

"என் தம்பி கிடைச்சுட்டானா?"

"கிடைச்சுட்டான்..."

அவர் இழுத்த இழுப்பிலேயே வெராவுக்குப் புரிந்துவிட்டது.

"கரடி முதுகுச் சரிவுக்குக் கீழே, பாறையடியில பிணமாக் கிடந்தான். வண்டியும் பக்கத்துலயே நொறுங்கிக் கிடந்தது. நேத்து சாயங்காலம் கோர்டிதான் பார்த்துட்டு ஓடி வந்தான். ராத்திரியே ஹெலிகாப்டர்ல இறக்கிட்டோம். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. மேல மட்டும் போகாதீங்க... மத்தியானம் நாலடி பனி கொட்டப் போகுதாம்!"

வெரா போனை வைத்தாள்.

அழவில்லை. சுவரை வெறித்தாள்.

கரடி முதுகுக்கா? நிக் போனானா?

பத்தே நிமிஷத்தில், பனிமேல் ஓடும் பைக்கான ஸ்னோமொபைலைக் கிளப்பினாள்.

*

"சொன்னா கேளு வெரா! திரும்பிடலாம்!"

முன்னால் போய்க்கொண்டிருந்த கோர்டி வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினான். நிக்கின் சேக்காளி. சிவப்புத் தாடி முழுக்க பனி உறைந்து, பாதிக் கிழவனாகத் தெரிந்தான். இடத்தைக் காட்டு என்று அவன் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி இழுத்து வந்திருந்தாள் வெரா.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"வந்தாச்சு. அதோ... ஆனா எதைப் பார்க்கப் போறே? ஆளையும் எடுத்தாச்சு, வண்டியையும் எடுத்தாச்சு."

"தடத்தை எடுக்கலியே!"

வெரா பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

பாதை அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் கரடி முதுகு. முந்நூறு மீட்டர் வெள்ளைச் சரிவு. நிற்க வைத்தால் ஆடு கூட உருளும். வலப்பக்கம் மலை வானத்துக்கு ஏறியது. இடப்பக்கம் கீழே இறங்கி, இறங்கி... சட்டென்று ஒன்றுமில்லை. பாறை விளிம்பு!

சரிவின் குறுக்கே ஒரே ஒரு ஸ்னோமொபைல் தடம். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி ஓடி, நடுவில் அறுந்து, பாறை விளிம்பை நோக்கிச் சரிந்தது.

"கோர்டி... குறுக்குச் சரிவுல எந்தக் காலை ஊனி ஓட்டுவே?"

"இதென்ன கேள்வி? மலை எந்தப் பக்கமோ அந்தக் கால். மத்த முட்டி சீட்டுமேல."

"இங்க மலை எந்தப் பக்கம்?"

"வல..."

கோர்டியின் வாய் பாதியில் நின்றது.

"நிக்கோட வலது முட்டியில பதினோரு ஸ்க்ரூ!" வெரா சரிவை நோக்கிக் கை நீட்டினாள். "அந்த ஒத்தைக் கால்ல நின்னு பேண்ட் போட முடியாது அவனால! ரெண்டு வருஷமா வலப்பக்கம் மலை வந்தாலே காட்டைச் சுத்திக்கிட்டுத்தான் போவான். அவன் போட்ட கோடா இது?"

பைனாகுலரை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

சட்டென்று நிறுத்தினாள்!

தடத்துக்குள்ளேயே பூட்ஸ் குழிகள். ஒன்று, இரண்டு... வரிசையாக. தடம் அறுந்த இடத்திலிருந்து இந்தக் கரைக்குத் திரும்பி வந்திருந்தன.

எவனோ நிக்கின் வண்டியைப் பாதி தூரம் ஓட்டிப் போயிருக்கிறான். குதித்திருக்கிறான். வண்டியைக் கீழே விட்டுவிட்டுச் சாவகாசமாக நடந்து வந்திருக்கிறான்!

அப்படியென்றால் வண்டியில் கிடந்த நிக்... அதற்கு முன்பே பிணம்!

மூக்கு நுனியில் ஒரு பனித்துகள் விழுந்தது. இன்னொன்று... இன்னொன்று...

போனை எடுத்தாள். படம் பிடிக்க வேண்டும். குளிரில் பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் தடமும் இல்லை. குழியும் இல்லை. கொலையும் இல்லை.

வெரா மெதுவாகத் திரும்பினாள்.

"போன சனிக்கிழமை பார்ல நிக் மூக்கை உடைச்சது யாரு?"

"ஏய்! குடிச்சிருந்தோம்... மறுநாளே கட்டிப்பிடிச்சுக்கிட்டோம்!"

"இத்தனை மலை இருக்கு. நேரா இந்தப் பாறைக்குக் கீழே போய் எப்படித் தேடினே?"

"ஆரஞ்சுக் கலர் வண்டி வெரா! மூணு கிலோமீட்டர்லேர்ந்தே பளிச்சுனு தெரிஞ்சுது!"

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தன் வண்டியைப் பாதையின் குறுக்கே நிறுத்தினாள். மீட்புக் குழு கொடுத்திருந்த ரேடியோவை உதட்டருகே கொண்டுபோனாள்.

"லேண்ட்ரி! கரடி முதுகுல நிக்கறேன். இது விபத்து இல்லை!"

விவரம் முழுக்கக் கொட்டினாள். ரேடியோ சில விநாடிகள் வெறுமனே கரகரத்தது.

"வேற யாருக்காவது சொன்னீங்களா?"

"கோர்டி பக்கத்துல இருக்கான். அவன்தான்னு நினைக்கிறேன்!"

"விட்டுடாதீங்க. பிடிச்சு வைங்க. நான் மேல குடிசைப் பக்கத்துலதான் இருக்கேன்... பதினஞ்சு நிமிஷம்!"

கோர்டிக்கு முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"வெரா... என்னைக் கொலைகாரனாக்கிட்டியே! பார் சண்டையைப் பார்த்தவங்க நாப்பது பேரு இருக்காங்க... என்னைக் கோர்ட்ல உரிச்சுடுவாங்க!"

"வழியை விட மாட்டேன்!"

"எனக்கு உன் வழி வேணாம்!"

வண்டி உறுமியது. அவன் திரும்பிய திசை...

"கோர்டி! அது வேணாம்டா!"

சரிவுக்குள் பாய்ந்துவிட்டான்!

முதல் ஐம்பது மீட்டர் எப்படியோ போனான். அப்புறம் வண்டியின் வால் கீழ்ப்பக்கம் வழுக்கியது. பயந்தவன் எல்லோரும் செய்கிற தப்பையே அவனும் செய்தான். ஹேண்டில்பாரை மலைப்பக்கம் திருப்பினான்!

"கீழ்ப்பக்கம் திருப்பு!" வெரா தொண்டை கிழியக் கத்தினாள். "பள்ளத்தைப் பார்த்துத் திருப்பு! அப்பதான் வண்டி மலைமேல சாயும்! த்ராட்டிலை விடாதே... விடாதே!"

இன்ஜின் சத்தத்தில் யார் காதில் விழும்?

அவன் வலது கால் ஊன்றத் தெரியாமல் தவித்தது. கட்டைவிரல், வேகம் கொடுக்கும் த்ராட்டிலை விட்டது. சாய்ந்திருந்த வண்டி தட்டையானது. வண்டிக்கு அடியில் சுழலும் பெல்ட்டின் விளிம்பு பனியைக் கடிப்பதை நிறுத்தியது.

அவ்வளவுதான்.

வண்டியோடு அவனும் ஈரப் பலகையில் வைத்த சோப்பாக வழுக்கி இறங்கினான். பாறை விளிம்பில் ஒரு விநாடி சிவப்புத் தாடி தெரிந்தது.

அப்புறம் தெரியவில்லை.

*

கீழே இறங்க ஒரே வழி, சரிவைத் தாண்டி அக்கரை மரக்கூட்டத்துக்குள் புகுந்து போவதுதான்.

வெரா யோசிக்கவில்லை. வலது கால் கால்பலகையில். இடது முட்டி சீட்டில். ஹேண்டில்பார் பள்ளத்துப் பக்கம். த்ராட்டில் ஒரே சீராக. கண் அக்கரையில். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவோம் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

அக்கரை சேர்ந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கீழே கோர்டி அசையவில்லை. கழுத்து திரும்பியிருந்த கோணத்தைப் பார்த்ததும், இறங்க வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்தது.

மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஐம்பது மீட்டருக்கு மேல் ஓட்டத் தெரியாதவன்! அவனா அந்தக் கோட்டைக் கிழித்தான்? அவனா?

'நான்தான் கொன்னேன்... ஒண்ணும் செய்யாதவனை விரட்டிக் கொன்னுட்டேன்...'

அப்போதுதான் எதிர்க்கரையில் இன்ஜின் சத்தம்.

லேண்ட்ரி!

அவர் நிற்கவில்லை. தயங்கவும் இல்லை. வலது கால் ஊன்றி, இடது முட்டி மடக்கி, ஹேண்டில்பாரைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்து, ஒரே சீராகச் சரிவுக்குள் நுழைந்தார். பழைய தடத்துக்கு ஒரு முழம் மேலே... அச்சு அசலாக அதே கோடு!

வெராவின் முதுகுத்தண்டில் பனி இறங்கியது.

இந்தப் பள்ளத்தாக்கில் வலப்பக்கம் மலை வைத்து இந்தச் சரிவைத் தாண்டக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, அவள். இன்னொருவர், போன குளிர்காலத்தில் அவளிடமே ஆறு வாரம் பயிற்சிக்கு வந்தவர்.

லேண்ட்ரி வண்டியை அணைத்தார். குரலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"கோர்டி எங்கே?"

வெரா கீழே கை காட்டினாள்.

"அடப்பாவமே! எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"ஏன்... ஏன் என் தம்பியை?"

"மேல குடிசையில சில பொட்டலம் வச்சிருந்தேன். எல்லைக்கு அந்தப்பக்கத்துப் போதைச் சரக்கு. உங்க தம்பி கண்ணுல பட்டுடுச்சு." அவர் கையுறையைக் கழற்றி, இடுப்புத் துப்பாக்கியை உருவினார். "நல்ல பையன் வெரா. புகார் கொடுக்க நேரா என்கிட்டயே வந்தான்!"

வெரா ரேடியோவைப் பார்த்தாள். இந்த மலையில் அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் எதிரே நின்றார். முன்னால் துப்பாக்கி. பின்னால் பாறை. வண்டிச் சாவி இருந்தது. திருப்ப நேரம் இல்லை.

அழுகை வரவில்லை. எழுந்து, உடையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"நூத்துக்குத் தொண்ணூறுதான் கொடுப்பேன் லேண்ட்ரி! ஓட்டினது சரி. ஆனா தடத்தை அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

லேண்ட்ரி வானத்தை அண்ணாந்து பார்த்தார். பனி இப்போது கொட்ட ஆரம்பித்திருந்தது.

"அந்தப் பத்து மார்க்கை மேல இருக்கிறவன் போட்டுடுவான், டீச்சர்!"