கரையேறிகள்

செவ்வந்தியின் முதல் இரண்டு முகூர்த்தங்களையும் சிங்கிகள் கெடுத்திருந்தன. மூன்றாவதற்கு மாப்பிள்ளை பொன்னரசு மணையில் உட்கார்ந்திருந்தான், செருப்பைக் கழற்றாமல்.

சிங்கி என்பது கடல் சிங்கி இறாலின் ஆற்றுத் தம்பி. வளை தோண்டி வாழும். பண்ணையிலிருந்து தப்பிக் கருவாற்றில் குடியேறியிருந்தது. வெள்ளத்துக்கு முன்பே அது கரையேறுவதைக் கண்டுபிடித்ததும், ஒவ்வொன்றின் முதுகிலும், அது கரையேறினால் சேதி சொல்லும் அரிசியளவு கருவியான சிங்கிமானியை ஒட்டிவிட்டார்கள். நூறு சிங்கிகள் கரையேறினால் ஊர்ச் சங்கு தானாக ஊதும். ஊரே பக்கத்துக் குன்றான கரட்டின் மேல் ஏறும். மூன்று பெருவெள்ளங்களில் இப்படித்தான் பிழைத்தார்கள். சேர்மன் தணிகாசலம் தமக்கு 'வெள்ளம் வென்ற வேந்தர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டு, தமக்கும் சிங்கிக்குமாகச் சிலை வைத்தார். சிலையில் சிங்கி சிறியது.

இப்போதோ சுள்ளென்று வெயிலடிக்கும்போதும் சங்கு ஊதியது. கருவி பழுது என்றார்கள். சிங்கிகளைக் கணக்கெடுத்துக் குஞ்சுகளுக்கும் மானி ஒட்டுவதே வேலையான செவ்வந்திக்கு அது பழுதில்லை என்று தெரியும். ஒவ்வொரு வெள்ளமும் வளையிலேயே கிடந்தவற்றை அடித்துக்கொண்டு போனது. முதலில் ஓடியவை மிஞ்சிக் குஞ்சு பொரித்தன. ஆற்றில் இப்போதிருப்பவை எல்லாம் ஓட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகள். மேக நிழல் விழுந்தாலே கரையேறும்.

முந்தின நாள் இதையெல்லாம் சேர்மனிடம் விளக்கி, ஒரு மணி நேரம் சங்கை நிறுத்தி வைக்கக் கேட்டாள்.

"ஒன் கல்யாணத்துக்காக ஊரத் தண்ணியில விடச் சொல்றியாம்மா?"

"வானம் வெளுத்துக் கெடக்குங்கய்யா. வெள்ளம் வராது."

"வந்துட்டா? செலைய யாரு கழுவுறது?"

கெட்டிமேளம் முழங்கியது. தாலி கழுத்தருகே வந்தது. சங்கு ஊதியது. தவில்காரர் தவிலோடு ஓடினார், ஐயர் தட்சணையோடு, பொன்னரசு தாலியோடு.

"முடிச்சப் போட்டுட்டு ஓடுங்க" என்றாள்.

"மேல வா, அங்க போடுறேன்."

பந்தலில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. செவ்வந்திக்கு அது விசித்திரமாகப் பட்டது. இத்தனை பேரில் ஒருவருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? சந்தேகப்பட்டவர்களை நினைத்துப் பார்த்தாள். முதல் வெள்ளம் சிலரை அடித்துக்கொண்டு போனது, அடுத்தது சிலரை. மீதிப் பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் ஆற்றில் நடந்ததுதான் ஊரிலும் நடந்திருக்கிறது. அவளுடைய அப்பா அம்மாவும் மூன்று வெள்ளத்திலும் பிழைத்தவர்கள்தான்.

இதை அவள் யோசித்து முடித்தபோது, கூறைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கரட்டில் பாதி ஏறியிருந்தாள். முன்னால் ஓடிய பொன்னரசு இப்போது பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான்.

"கொஞ்சம் நில்லு செவ்வந்தி, தாலி எங்கிட்ட இருக்கு."

நிற்கத்தான் நினைத்தாள். கால்கள் நிற்கவில்லை.