வலப்பக்கத்துப் பட்டை

புரட்டாசி இரண்டாம் வாரம், மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில், பஜாருக்குப் பின்னால் உள்ள அந்தப் பழைய வீட்டுக்கு ஒரு கூரியர் பெட்டி வந்தது. பெங்களூரிலிருந்து மகள் சுப்ரஜா அனுப்பியிருந்தாள். உள்ளே நீளமாகச் சீவிய மெல்லிய மரச்சட்டப் பட்டைகள், வளைந்த கட்டைகள், பசை, ஒரு வரைபடம். ஒழுங்காக ஒட்டினால் இரண்டடி நீளத்தில் ஓர் ஆற்றுப்படகு கிடைக்கும்.

"அப்பாவுக்குக் கை நடுங்குதுன்னியேம்மா. இதைச் செஞ்சா சரியாப் போயிடும்" என்று தாய் வைஜயந்தியிடம் போனில் சொன்னாள்.

பத்மநாபனுக்குக் கை ஏன் நடுங்குகிறது என்பது மகளுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அவர் பக்கத்துக் கசார்வாடியில் ஒரு பட்டறையின் சூப்பர்வைசர். போன வருடம் ஆயுத பூஜையன்று தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுகிற சுப்பையா, மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

"இன்னிக்கு இதைத் தொடக் கூடாது சார்."

"அதெல்லாம் நம்ம ஊர்ல. இங்க நாளைக்கு தசராவுக்குத்தான் பூஜை. மத்தவங்க வேலை செய்யலையா? ஓட்டுடா."

அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பத்மநாபன் வலது பட்டனை அழுத்தி, அதன் இடுக்கில் ஒரு மரச்சில்லைச் சொருகிவிட்டார்; இனி இடது பட்டன் ஒன்றே போதும். சுப்பையாவின் வலது கை தகட்டோடு உள்ளே இருந்தபோது அச்சு இறங்கியது. ரத்தம் நிறையப் போனதில் மூன்றாம் நாள் ஆள் போய்விட்டான். "அவனே கட்டையைச் சொருகிக்கிட்டான்" என்று விசாரணைக்கு எழுதிக் கொடுத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மனுஷன். செத்தவன் சாட்சி சொல்லவா வரப்போகிறான்?

படகு வேலை நன்றாகத்தான் தொடங்கியது. முதுகுக்கட்டையில் விலா எலும்புகள் போல் வளைகட்டைகளை நிறுத்தினார். அவற்றின் மேல் பட்டைகளை நனைத்து, வளைத்து ஒட்ட வேண்டும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஒட்டினால் படகு முறுக்கிக்கொள்ளும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது.

இடப்பக்கம் முதல் பட்டையை ஒட்டிய அன்று காலை, சுப்பையாவின் மனைவி சரசா வந்து வாசலில் நின்றாள்.

"பூஜை போட்ட மெஷின்ல அவரே கட்டை சொருகுவாரா சார்? உங்கப்பன் மடத்தனத்தால செத்தான்னு எம் பொண்ணை ஸ்கூல்ல கேலி பண்றாங்க. வர்ற திங்கக்கிழமை விசாரணையில உண்மையைச் சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"நான் எழுதிக் கொடுத்ததுதான் உண்மை" என்று பத்மநாபன் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்தபோது வலப்பக்கப் பட்டை ஒட்டியிருந்தது.

அவர் அதைத் தொடவே இல்லை. வைஜயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டார். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். முகர்ந்து பார்த்தார். பசை வாசனை இல்லை. மெஷின் எண்ணெயும் வாடிய சாமந்தியும் சேர்ந்த வாசனை.

அதற்குப் பிறகு அவர் இடப்பக்கம் ஒன்று ஒட்டிவிட்டு முகம் கழுவப் போனால், வலப்பக்கம் ஒன்று ஏறியிருக்கும். அவருடைய பட்டைகள் கோணல். மற்றவை கச்சிதம். பயந்து படகைப் பெட்டிக்குள் போட்டு இரண்டு நாள் மூடி வைத்தார். மூடிய பெட்டிக்குள்ளிருந்து பிரஸ் ஓடுவது போல் சீராக ஒரு சத்தம் கேட்டது.

டக். தட். டக். தட்.

ஆயுத பூஜை வந்தது. வைஜயந்தி அரிவாள்மணை, கத்திரிக்கோல், படகு செய்யும் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொட்டிட்டு சாமி முன்னால் அடுக்கினாள். "நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றுவிட்டு பிரசாதம் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பத்மநாபனுக்கு வீம்பு. இன்றைக்கே இந்தப் பீடையைப் பிரித்து எறிந்துவிடுவது என்று பூஜையிலிருந்த கத்தியை எடுத்தார். நடுப்பகல். சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் மட்டும் மாலை நேரம் போல் மங்கல். கத்தியை இடது கையில் பிடித்து, வலது கையைப் படகுக்குள் விட்டு ஒரு பட்டையை உள்ளிருந்து தள்ளினார்.

விலாக்கட்டைகள் நெருங்கின.

கையை இழுத்தார். வரவில்லை.

காதோரம் எண்ணெய் வாசனை. மிகவும் மரியாதையான ஒரு குரல்.

"கட்டையை யாரு வெச்சா சார்?"

"நீ... நீதான்டா வெச்சே!"

டக்.

சுண்டுவிரல் முறிந்தது.

"யாரு சார்?"

அவர் வாய் திறப்பதற்குள் அடுத்தடுத்து மூன்று விரல்களும் போயின. பத்மநாபன் தெருவே கேட்க அலறினார். "நான்தான்! நான்தான் சொருகினேன்! அவன் வேண்டாம்னான், நான்தான் ஓட்டச் சொன்னேன்! விட்டுடு சுப்பையா!"

பிடி தளர்ந்தது. கை வெளியே வந்து விழுந்தது. வாசலில் வைஜயந்தி வெற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் பகல், வைஜயந்தி கட்டிலின் வலப்பக்கம் நின்று அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"சரசாகிட்ட நானே போய்ச் சொல்றேன். திங்கக்கிழமை நீங்களும் வாயைத் திறந்து சொல்லிடுங்க."

வெளிச்சமான வார்டு. எதிர்க் கட்டிலில் யாரோ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலி குறைந்ததும் பத்மநாபனுக்குப் பழைய புத்தி திரும்பியது.

"வலியில உளறினதுக்கெல்லாம் அர்த்தம் உண்டா? கட்டையைச் சொருகினது அவன்தான். அப்படித்தான் சொல்லப்போறேன்."

வைஜயந்தி பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சரசா வீட்டுக்குப் போனாள்.

ஊசியோடு நர்ஸ் ஜெனிபர் வந்தாள். கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், வலது கையில கட்டு இருக்கு. இடது கையிலதான் போடணும்" என்றவள், கட்டிலின் இடப்பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இவர் உங்க சொந்தக்காரரா? எத்தனை தடவை சொன்னாலும் உங்க கையை விடவே மாட்டேங்கிறாரே."