ஆறு நிமிட வதிவு

பிறைநகர்க்காரர்கள் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன், வலது காதின் பின்புறம் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அங்கே பதித்திருக்கும் கவனமானி, நேற்று எத்தனை மணி நேரம் அவர்கள் நிலவில் இருந்தார்கள் என்று சொல்லும். உடம்பு எங்கே இருந்தது என்று அது பார்ப்பதில்லை. மனம் இருந்த நேரத்தைத்தான் எண்ணும்.

இந்த விதி வந்ததற்குக் காரணம் தொலைப்பணியாளர்கள். பூமியில் வேலை, நிலவில் வீடு என்று வந்து குவிந்த புண்ணியவான்கள் இங்குள்ள காற்றை இழுத்துக்கொண்டு நினைப்பை ஊரிலேயே வைத்திருந்தார்கள். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. பொறுத்துப் பார்த்த நகரசபை, நிலவில் குடியிருக்கத் தொலைப்பணி வதிவுரிமை வேண்டுமானால் வேலை நேரம் போக ஆண்டுக்கு ஐந்நூறு மணி நேரமாவது இங்கே இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது.

சென்னியப்பனுக்கு ஆறு நிமிடம் குறைந்தது.

திருப்பூர்ப் பனியன் ஆலை ஒன்றின் பின்னல் இயந்திரங்களை நிலவிலிருந்தபடியே மேய்ப்பது அவன் வேலை. வேலை முடிந்த பிறகும் மனம் ஆலையை விட்டு வராது. இன்று கெடுவின் கடைசி நாள். வதிவு அலுவலகம் நான்கு மணிக்கு மூடும்; இப்போது மூன்று ஐம்பது. தவறினால் பூமிக்குப் போகும் மாலைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மறுபடி விண்ணப்பிக்க மூன்று ஆண்டுகள் ஆகும். மனைவி பூங்கோதைக்கும் ஏழு வயது மகள் மகிழினிக்கும் உரிமை எப்போதோ கிடைத்துவிட்டது.

"ஆறே நிமிசம்தானுங்க," என்றது அலுவலர் இயந்திரம். விண்ணப்பதாரரின் ஊர்ப் பேச்சிலேயே பேசும்படி அதைச் செய்திருந்தார்கள். "இங்கயே உக்காந்து இருந்து காட்டுங்க. விட்டு விட்டு இருந்தாலும் கூட்டிக்குவனுங்க."

சென்னியப்பன் உட்கார்ந்தான். சுவரில் அவன் கவனமானியின் கணக்கைக் காட்டிய எண் அசையவில்லை.

"ஏன் ஓட மாட்டேங்குது?"

"பயந்துட்டு இருக்கறீங்க. பயமெல்லாம் சாயங்காலக் கப்பலப் பத்திங்க. அது இன்னும் வல்லீங்களே."

மூன்று ஐம்பத்து மூன்று. மகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்கோதைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, அந்தச் செவுத்த விடுங்க. எங்களப் பாருங்க."

அவன் திரும்பினான். மகிழினி அவனைப் பார்த்துச் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

"பல்லு எப்பக் கண்ணு விழுந்துச்சு?"

"போன மாசம்ப்பா. சொன்னனே, நீங்க 'ம்'முன்னீங்க."

வெட்கமாக இருந்தது அவனுக்கு. "எங்க, காட்டு," என்றான். அவள் வாயைத் திறந்தாள். ஈறில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. விரலால் தொட்டான். வெடுக்கென்று கடித்துவிட்டாள். மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சுவரில் எண் ஓடியது. ஒரு நிமிடம், மூன்று, ஐந்து. மகிழினி அவன் மடியில் ஏறிக்கொண்டாள். பூங்கோதை அவன் தோளில் சாய்ந்தாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நிறைவை அவன் அனுபவித்ததில்லை. ஐந்து நிமிடம் ஐம்பது நொடி.

இதை ஊரில் எல்லோரும் பார்க்க வேண்டுமே என்று தோன்றியது. இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினான். விழியில் பொருத்தியிருந்த படக்கருவி மூவரையும் எதிர்க் கண்ணாடியில் படம்பிடித்து, திருப்பூர்ச் சொந்தக்காரர்களின் குழுவுக்கு அனுப்பியது.

எண் நின்றது.

யார் பார்த்தார்கள், யார் இன்னும் பார்க்கவில்லை என்று அவன் காத்திருந்தான். அக்கா பார்த்துவிட்டாள். சின்ன மச்சான் இன்னும் பார்க்கவில்லை. பூங்கோதை அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் விழித்துக்கொண்டபோது மணி நான்கு.

"பத்தே நொடிங்க," என்றது இயந்திரம். அதற்கே வருத்தம்போல் இருந்தது. "கப்பல் அஞ்சரைக்குங்க."

அப்போது மாமனாரின் பதில் வந்தது.

"மாப்பளே, பாக்கறதுக்கே மனசு நெறஞ்சு போச்சுங்க. ஒருவழியா அங்கயே இருந்து பழகிட்டீங்களாட்ட இருக்குது!"