வலை இழுக்காத எட்டுப் பேர்

கயிறு இழுத்தலில் ஏழாம் வகுப்பு மறுபடியும் தோற்றது.

"வலை இழுத்தனீங்களோ? எத்தினை மீன் பட்டது?" என்று எட்டாம் வகுப்பு றொசிற்றா கேட்டாள். அவளுடைய குழு சிரித்தது.

ஜெசிதா புழுதியிலிருந்து எழுந்தாள். ஏழாம் வகுப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. இன்று திங்கள். வெள்ளிக்கிழமை கடைசித் தெரிவு. அதில் வெல்லும் வகுப்புதான் விளையாட்டுப் போட்டிக்குப் போகும். தோற்றால் பந்தலுக்குள் இருந்து கைதட்ட வேண்டியதுதான்.

"மேர்சியை மாத்துவம்," என்றாள் ஒருத்தி. "உவள் காத்தடிச்சாலே பறப்பாள்."

மேர்சி சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"மாத்தேலாது," என்றாள் ஜெசிதா. "எட்டுப் பேரும்தானே விழுந்தனாங்கள்."

வீட்டில் அப்பா கதிரையில் ஆடாமல் அசையாமல் இருந்தார். வள்ளத்தில் வலை ஏற்றும்போது அவருக்கு முதுகு பிடித்துவிட்டது. நான்கு நாளாகக் கடலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த படத்தில் தசையெல்லாம் தெரிய, தோலில்லாத ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பாவம், இந்த மனுசன்," என்றார் அப்பா. "என்னைவிட இவருக்குத்தான் கூட நோகும்."

ஜெசிதா எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அக்குளிலிருந்து இடுப்பு வரை, இரண்டு பக்கமும் இறக்கை போல ஒரு பெரிய தசை.

"கையை மெல்லப் பின்னுக்கு இழுங்கோ, அப்பா."

அவர் இழுத்தார். அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே இறக்கை சுருங்கியது. கை முன்னே போனதும் தளர்ந்தது.

"தோள்பட்டை ரெண்டையும் சேருங்கோ."

இரண்டு எலும்புகளும் நெருங்கின. நடுவில் இருந்த தசை மேடானது.

முதுகெலும்பின் இரு பக்கமும் நீளமாக இரண்டு தசைகள் ஓடின. அப்பா கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தபோது அவை இறுகின. சுருங்கி விரியவில்லை. அவர் சரிந்திருந்த அவ்வளவு நேரமும் அப்படியே பிடித்திருந்தன.

"அங்கைதான்! அங்கைதான் நோகுது!" என்றார் அப்பா.

"சரி, நிமிருங்கோ. வலையை எப்பிடி இழுப்பீங்கள்?"

அப்பா காற்றில் இழுத்துக் காட்டினார். வலக்கை, இடக்கை, வலக்கை. வலது இறக்கை சுருங்க இடது இறக்கை தளர்ந்தது. இடது சுருங்க வலது தளர்ந்தது.

ஜெசிதாவின் கை நின்றுவிட்டது.

"ஒரு கை மாறேக்கை, பாதி முதுகுதான் பிடிச்சிருக்கு," என்றாள்.

"அதுக்கென்ன? வலை திருப்பி இழுக்காதே."

வலை திருப்பி இழுக்காது. எட்டாம் வகுப்பு இழுக்கும். ஆனால் எட்டாம் வகுப்பும் வலை இழுக்கும் குருநகர்தான். அவர்களும் கத்திக் கத்தி, ஒன்றாகக் கை மாற்றித்தான் இழுக்கிறார்கள்.

மறுநாள் அவள் கயிற்றைப் பள்ளிக்கூட வேப்பமரத்தில் கட்டினாள்.

"ஒருத்தரும் இழுக்கக்கூடாது," என்றாள்.

"கயிறு இழுத்தலிலை இழுக்காமல்? உனக்கென்ன விசரோ?"

"தோள்பட்டையைச் சேருங்கோ. முதுகு நேராக இருக்கோணும். பின்னுக்குச் சரிஞ்சு நில்லுங்கோ. கை மாறக்கூடாது. நூறு எண்ணுவம்."

இருபது எண்ணுவதற்குள் ஏழு பேர் கை மாற்றிவிட்டார்கள். கைகள் தாமாகவே போயின. பிறந்ததிலிருந்து பார்த்த வேலை அது.

"மரம் வெல்லுது," என்றாள் மேர்சி. அவள் மட்டும் மாற்றவில்லை.

ஜெசிதா அவளைப் பார்த்தாள். "நீ முன்னுக்கு நில். எதிரே முன்னுக்கு நிக்கிற றொசிற்றான்ரை கையையே பார். அவள் கையை எடுத்த உடனை 'இப்ப' எண்டு கத்து. நாங்கள் ஒரு அடி பின்னுக்கு வைப்பம்."

புதன்கிழமை மூன்று பேர் கை மாற்றினார்கள். வியாழக்கிழமை ஒருத்தி மட்டும். அது ஜெசிதா. அவள் மற்றவர்களை அனுப்பிவிட்டு, தனியே நின்று இன்னும் இரண்டு முறை நூறு எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு சொல்லித்தரும் சேர் விசில் ஊதினார்.

கயிறு எட்டாம் வகுப்புப் பக்கம் ஒரு சாண் போனது.

"நில்லுங்கோ!" என்றாள் கடைசியில் நின்ற ஜெசிதா. முதுகு எரிந்தது. அவள் கையை மாற்றவில்லை.

எதிரே எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். றொசிற்றாவின் கை கயிற்றிலிருந்து எழும்பியது.

"இப்ப!"

பதினாறு கால்கள் ஒரு அடி பின்னே போயின. கயிறு திரும்பி வந்தது.

மீண்டும் கத்தினார்கள்.

"இப்ப!"

இன்னொரு அடி. றொசிற்றாவின் சப்பாத்து மண்ணில் கோடு கிழித்தது. "என்னடி நடக்குது?" என்று அவள் திரும்பிக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கையை மாற்றினாள்.

"இப்ப! இப்ப!"

கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி கோட்டைத் தாண்டியது. எட்டாம் வகுப்பு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது. சேர் நீளமாக விசில் ஊதினார். வகுப்பு முழுவதும் கத்திக்கொண்டு ஓடி வந்தது.

ஏழு பேர் கயிற்றைப் போட்டுவிட்டுத் துள்ளினார்கள். மேர்சி அசையவில்லை. தோள்பட்டையைச் சேர்த்து, பின்னுக்குச் சரிந்தபடியே நின்றாள். சேர் வந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது.