துண்டுக்குள் படிந்த விலை

துண்டுக்குள்ளே இருந்தது இசக்கிராஜாவின் ஒரு கை மட்டும். துண்டோ இரண்டு கைக்குப் புடைத்திருந்தது.

நிர்மலாதேவி மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்து நேராகவே பார்த்தாள். அப்போதும் அப்படித்தான் தெரிந்தது. மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்து மாட்டுத் தரகருக்கே வாழ்க்கைப்பட்டவள் அவள். துண்டுக்கு அடியில் எத்தனை கை என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். இன்றைக்கு அந்தக் கண்ணை நம்பப் பிடிக்கவில்லை.

"கட்! அருமை," என்றாள் டைரக்டர் ஜெனி. "எக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கா?"

"அவரு இன்னும் வெடுக்குன்னு உதறுவாரு," என்று சொல்லிவைத்தாள்.

படமே அவள் வீட்டுக் கதைதான். அவள் புருஷன் சுந்தரபாண்டியன் பன்னிரண்டு வருஷமாக வெறும் சுவருக்கு எதிரே உட்கார்ந்து, வலது கையில் துண்டைப் போட்டுக்கொண்டு விலை பேசுகிறார். சந்தையில் அப்படித்தான், விற்கிறவனும் வாங்குகிறவனும் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு மூச்சுவிட மாட்டார்கள். கையை உதறினால் படியவில்லை. நாலு விரலையும் சேர்த்து அழுத்தினால் படிந்தது. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பேச்சு மாறாது. சுந்தரபாண்டியன் ஒருநாளும் அழுத்தியதில்லை. வேர்த்து ஊற்ற ஊற்ற உதறுவார். "மஞ்சுவத் தரமாட்டம்லே, போலே," என்பார்.

மஞ்சு அவர்கள் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். திருநெல்வேலி டாக்டர் சுந்தரபாண்டியனின் வியாதிக்குப் பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, பேரம் நிற்கவில்லை. இலஞ்சியில் அந்த வீட்டுக்குக் கிறுக்கன் வீடு என்று பெயர். மஞ்சுவோடு படிக்கிற ஒரு பிள்ளைகூட வாசல்படி ஏறியது கிடையாது. "படமா பாத்தா சனங்களுக்குப் புரியும்க்கா," என்று ஜெனி சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் நிர்மலா கதவைத் திறந்துவிட்டாள். திறந்ததோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் அவர் வேஷம் கட்டிய நடிகன் இசக்கிராஜா கொசுறுக்குக் கருவேப்பிலை கேட்கிறவன் மாதிரி விரலை நீட்டியதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், உதறுவதையும் அழுத்துவதையும் அவளே துண்டு போட்டுக் கற்றுக்கொடுத்தாள். நடிப்பானாலும் அவள் வீட்டில் போலி வியாபாரமா!

மணி மூன்றரை. குற்றாலத்து மலை மேகத்துக்குள் போய் மறைந்து, தென்னந்தோப்பின் மேல் சாரல் சலித்துக் கொட்டிக்கொண்டிருக்க, பட்டப்பகலிலேயே வீட்டுக்குள் ஒரு கலங்கல் இருட்டு தேங்கி நின்றது. ஜெனரேட்டரின் டீசல் வாடையைத் தள்ளிக்கொண்டு இன்னொரு வாடை மெதுவாக ஏறி வந்தது, நனைந்த மாட்டுத்தோலும் சாணியும் புகையிலையும் கலந்த சந்தை வாடை. அந்த வீட்டில் மாடு நின்று பத்து வருஷமாகிறது.

"அடுத்த டேக்ல உதறாதீங்க," என்றாள் ஜெனி. "அழுத்துங்க. படிஞ்சு போச்சு, அவன் தோத்துட்டான். அங்கதான் ஜனம் அழும்."

நிர்மலா ஓரடி முன்னால் வந்தாள். "அது மட்டும் வேண்டாம்மா. அவரு ஒருநாளும் படியவிட்டதில்ல."

"அதனாலதான்க்கா வேணும்."

"எதுக்குக்கா பயப்படுதீங்க?" என்று இசக்கிராஜா சிரித்தான். "சுவத்துகிட்டதான விக்கேன்? அதென்ன திருப்பித் தராமலா போயிரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேக்கப் போடும் பெண் மட்டும் சிரிக்காமல் நிர்மலாவைப் பார்த்தாள். இவளுக்குமா என்கிற பார்வை. பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த பார்வை. துண்டுக்குள் இன்னொரு கை இருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், நாளைக்கு மஞ்சுவுக்குக் கிறுக்கன் மகள் என்கிற பேரோடு கிறுக்கி மகள் என்கிற பேரும் சேர்ந்துகொள்ளும்.

நிர்மலாவும் சிரித்தாள்.

"ஆக்‌ஷன்!"

துண்டு அசைந்தது. ஒரு விரல். இரண்டு. எதிர்ப்பக்கமும் அசைந்தது. அவசரமில்லாமல். பழகிய கை.

உள்ளறையிலிருந்து புருஷனின் கத்தல். "ஏட்டி நிர்மலா! அவன உதறச் சொல்லுட்டி! உதறச் சொல்லு!"

ஒலிப்பதிவுக்காரர் முகத்தைச் சுளித்து, அந்தக் கதவைச் சாத்தும்படி சைகை காட்டினார்.

அவள் போனாள். இரண்டு கண்ணிலும் நீர் வழிய எழுந்து வந்துகொண்டிருந்தார் சுந்தரபாண்டியன். அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

திரும்பினாள்.

இசக்கிராஜா அழுத்தினான்.

எதிர்ப்பக்கமும் அழுத்தியது. துண்டின் மேல் நான்கு விரல்முட்டிகள். அப்புறம் அந்தப் பக்கத்துப் புடைப்பு மட்டும் வற்றியது. துணி தொங்கிப்போயிற்று.

"கட்! கட்! இதுதான் படம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். இசக்கிராஜா தட்டவில்லை. தன் கையையே பார்த்தான். "எக்கா," என்றான். "யாருக்கா புடிச்சது?"

அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள். சுந்தரபாண்டியன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துண்டு தரையில். இரண்டு கைகளும் மடியில், ஆடாமல் அசையாமல். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கைகள் அப்படிக் கிடந்து அவள் பார்த்ததில்லை. முகத்தில் ஒரு தெளிவு. டாக்டர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"படிஞ்சிட்டு," என்றார். "இனி எனக்குப் பேச ஒண்ணுமில்ல."

தெருவில் ஸ்கூல் பஸ் நின்று கிளம்பும் சத்தம்.

வாசலுக்கு ஓடினாள்.

மஞ்சு வந்துகொண்டிருந்தாள். தோளில் பை. வலது கை முன்னால் நீண்டிருந்தது. கால் பின்னால் இழுக்க, கை முன்னால் இழுக்க, வீட்டைத் தாண்டிப் போனாள்.

"அம்மா, விடச் சொல்லும்மா."

தெரு முழுக்கச் சாரல். மஞ்சுவுக்கு முன்னால் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் அது தரையில் விழவில்லை. அந்த இடைவெளி மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.