சீரகம் போட்ட எண்ணெய்

எண்ணெயில் சீரகம் வெந்த வாசனை வந்தது.

சோலைமலை கோரைப்பாயில் குப்புறப் படுத்திருந்தான். முகம் வலப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கம் மட்டும்தான் திரும்பும். பதினொரு மாதமாக அவன் கழுத்து இடப்பக்கம் திரும்புவதில்லை.

“ராவுத்தரே, எண்ணெயில என்ன போட்டிருக்கு?”

“மிளகுதான் தம்பி. ஆம்பளைகளுக்கு மிளகு, பொம்பளைகளுக்குச் சீரகம். இந்த வீட்ல அது மாறாது.”

“இது சீரகம்.”

சேக் பரீது கிண்ணத்தை மோந்து பார்ப்பது காதில் விழுந்தது. பிறகு கொல்லைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“ஜெய்தூனு, கிண்ணத்த மாத்தி வச்சியா?”

“நான் எங்க மாத்துனேன்? ரெண்டும் அடுப்போரமாத்தான் இருந்துச்சு. நீங்க கண்ணாடி போடாம எடுத்திருப்பீக.” அவர் மனைவி ஜெய்தூன் பீவியின் குரலில் சிரிப்பு இருந்தது. “எடுத்தது எடுத்தாச்சு, தேய்ச்சு விடுங்க. சீரகம் என்ன கடிச்சா வச்சிரும்?”

சோலைமலைக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே எதுவும் அவன் நினைத்தபடி நடக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பம்பு செட் விற்க ஊர் ஊராகப் போகிறவன் அவன். ரெட்டியார்சத்திரத்துக் கிணற்றடியில் புது மோட்டாரை ஓட்டிக் காட்டும்போது இடப்பக்கம் இருந்த மீட்டரைப் பார்க்க உடம்பையே சுழற்ற வேண்டியிருந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவன், “பி.எஸ்ஸி. படிச்ச கழுத்து, நம்ம பக்கம் திரும்புமாடா” என்றான். மோட்டாரும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முந்தின நாள் வத்தலக்குண்டு ரோட்டில் இடமிருந்து வந்த லாரியை அவன் பார்க்கவேயில்லை. சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் நசுங்கியது. அடுத்த முறை பின்சக்கரத்தோடு போகாது என்று அவனுக்குத் தெரியும். மதுரையில் இரண்டு டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேகம்பூரில் சயாமிலிருந்து வந்த ஒரு ராவுத்தர் இருக்கிறார், அவர் பிடித்துவிட்டால் கட்டையும் வளையும் என்று லாட்ஜில் சொன்னார்கள். பேகம்பூர் வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டான்.

வந்தால், வெள்ளிக்கிழமை.

“வெள்ளியும் செவ்வாயும் பொம்பளைகளுக்குத் தம்பி” என்று வாசலிலேயே சொன்னார் பரீது. ஜும்ஆ தொழுகை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். “என் வீட்டுக்காரி பிடிச்சு விடுவா. புதனும் சனியும்தான் ஆம்பளைகளுக்கு. உங்க ஆளுகளே வெள்ளிக்கிழமை எண்ணெய் வைக்க மாட்டாகளே. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு வேடசந்தூர்ல இருக்கணும். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்ல, ராவுத்தரே. உங்களுக்கு இருக்கா?”

பரீது அவன் நின்ற விதத்தைப் பார்த்தார். ஒரு பக்கமாக அறைந்த ஆணி மாதிரி நின்றிருந்தான். பெருமூச்சு விட்டார்.

“பொம்பளைக எல்லாம் உச்சிக்கு முன்னாலயே போயிருவாக. சரி, வாங்க.”

நீளமான ஓட்டுக்கூடம். நடுவில் ஒரு பனையோலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு, இந்தப் பக்கம் ஆண்களுக்கு. இந்தப் பக்கம் இரண்டு பாய்கள் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்தன. சுவரோரப் பாயில் அவன் படுத்தான். அவனுக்கும் தட்டிக்கும் இடையே, இடப்பக்கம், மற்றப் பாய். “கால மடக்கி முறுக்க இடம் வேணுமில்ல” என்றார் பரீது.

கை விழுந்ததும் அவன் எரிச்சலை மறந்தான்.

இது அவனுக்குத் தெரிந்த எண்ணெய் தேய்ப்பு அல்ல. பரீது முதலில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை முதுகுத்தண்டின் ஓரத்தில் ஊன்றி, தன் கனத்தை அவசரமில்லாமல் அதன்மேல் இறக்கி, அவன் மூச்சு வெளியே போகும்வரை காத்திருந்து, பிறகு ஒரு விரற்கடை தள்ளி அடுத்த இடத்தில் ஊன்றினார். முழங்கையால் தோள்பட்டையின் கீழே உழுதார். காலைப் பிடித்து மடக்கி, தன் முழங்காலை அவன் இடுப்பில் கொடுத்து, வில் மாதிரி வளைத்து விட்டபோது, எங்கெங்கோ அடைபட்டுக் கிடந்த இரத்தம் வழி கிடைத்து ஓடுவது போலிருந்தது. அக்கம்பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளின் புளித்த நாற்றம்கூடத் தூரத்தில் போய்விட்டது. சூடான எண்ணெய், சீரகம், ஈரச் சுண்ணாம்புச் சுவர். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தூக்கம் வரும்போல இருந்தது.

“எங்க கத்துக்கிட்டீங்க?”

“சயாம்ல. ஜப்பான்காரன் ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போனானே, அதுல. என் கால் ரெண்டும் விளங்காமப் போச்சு. கோயில் சாமியார் ஒருத்தர், சயாம்காரர், நாப்பது நாள் மிதிச்சே நடக்க வச்சாரு. அவருகிட்ட கத்துக்கிட்டேன்.” பெருவிரல்கள் கழுத்தடிக்கு வந்தன. நின்றன. “அங்க செத்தவுகளயும் தூக்கிப் போட்டிருக்கேன் தம்பி. அவுக கழுத்துகூட இம்புட்டு இறுகினதில்ல.”

“விட்டுருமா?”

“பாப்போம். எப்ப இருந்து?”

அவனுக்குத் தேதி தெரியும். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அவன் மனைவி சண்முகவள்ளி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை விரித்துப் போட்டுப் பக்கத்தில் படுத்திருந்தாள். கூந்தலில் சீரகம் காய்ச்சிய எண்ணெயின் வாசனை இன்னும் இருந்தது. “கழுத்துக்கிட்ட என்னமோ பண்ணுதுங்க, செத்தப் பிடிச்சு விடுங்க” என்றாள். சுற்றுப்பயணம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். காலையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, வலப்பக்கம் புரண்டு, சுவரைப் பார்த்துப் படுத்தான். அவள் இன்னொரு முறை கேட்டாள். தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டான். காலையில் இடப்பக்கம் திரும்பினான். அவன் அந்தப் பக்கம் திரும்பியது அதுதான் கடைசி.

பொத்.

தட்டிக்கு அந்தப் பக்கம் உள்ளங்கை முதுகில் விழும் சத்தம். பரீதின் கை விழுந்த அதே நொடியில். பரீது ஊன்றினார், அங்கேயும் ஊன்றியது. பரீது தட்டினார், அங்கேயும் தட்டியது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். ஓட்டுக்கூரையில் எதிரொலி வரும். அவன் பௌதிகம் படித்தவன். ஆனால் எதிரொலி பின்னால்தான் வரும். இது இரண்டு முறை முன்னால் வந்தது.

“அந்தப் பக்கம் யாரும் இருக்காங்களா?”

“கடைசியா ஒரு பிள்ளை வந்துச்சு. நான் உங்க வேட்டியக் கொடில போடுறப்பப் பாத்தேன். கொல்லையில தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருந்துச்சு. ஜெய்தூன் பிடிச்சு விட்டுக்கிட்டிருக்கா போல.” பரீது மறுபடி கழுத்தில் விரல் வைத்தார். இந்த முறை அழுத்தவில்லை. வெறுமனே வைத்திருந்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. “தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக. இது உங்க பிடிப்பா இருந்தா இந்நேரம் விட்டிருக்கணும்.”

“அப்படின்னா?”

“எனக்குத் தெரியல. சாமியார் அப்படித்தான் சொல்வாரு. சொல்லிட்டு அந்த ஆளைத் திருப்பி அனுப்பிருவாரு.”

“ராவுத்தரே, முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. மதுரை டாக்டரும் இதைத்தான் சொன்னான், இங்கிலீஷ்ல.” குரல் உயர்ந்துவிட்டது. பாயில் மோதித் திரும்பிவந்த தன் மூச்சே அவனுக்குக் கசந்தது. “கழுத்தைத் திருப்பி விடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

பரீது எழுந்தார். முழங்கால் சொடுக்கியது.

“சரி. உப்பு ஒத்தடம் கொடுத்துட்டு ஒரு முறுக்கு முறுக்கிப் பாக்குறேன். உப்பு சூடாகணும். அசையாம கெடங்க, வாரேன்.”

காலடி கூடத்தைக் கடந்து கொல்லைப் பக்கம் போனது. கதவு கிரீச்சிட்டது. கண்ணில் சுவர் மட்டும். சுண்ணாம்பில் ஒரு விரிசல், அதில் ஊர்ந்துகொண்டிருந்த ஒற்றை எறும்பு. வெளியே மூன்று மணி வெயில். ஒரு ஜட்கா வண்டியின் சலங்கை தெருவில் தேய்ந்து போயிற்று. பிறகு தெருவே இல்லாதது போல ஆனது.

தட்டிக்கு அப்பால் சத்தம் நின்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பனையோலை உரசியது. யாரோ தட்டியை ஒதுக்கி வரும் உரசல். பக்கத்துப் பாயின் கோரை நெறுநெறுத்தது. ஒரு ஆள் கனம் உட்கார்ந்தாற்போல. பிறகு படுத்தாற்போல.

“ராவுத்தரே?”

கை விழுந்தது, கழுத்தடியில்.

அதற்குள் உப்பு சூடாகிவிட்டதா என்று நினைத்தான். ஆனால் கையில் சூடில்லை. கிணற்றில் கிடந்த கயிறு மாதிரி ஈரமும் குளிர்ச்சியும். சரியான இடத்தில் வைத்திருந்தது. பரீது அரைமணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்த இடத்தில், தேடாமலே. இரண்டு பெருவிரல்கள். மெல்லிய விரல்கள். அழுத்தம் ஏறியது. வலி முதலில் கூர்மையாகி, பிறகு உருகி, தோளில் வழிந்து இறங்கியது. அப்படியொரு சுகத்தை அவன் அறிந்ததில்லை. கண்ணில் நீர் வந்தது. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

சீரக வாசனை அடர்ந்தது. அதனோடு சீயக்காய். ஈரக் கூந்தல்.

கண்ணாடி வளையல்கள் மேலே ஏற்றப்படும் ஓசை கேட்டது. வலக்கையில் ஏழு, இடக்கையில் ஏழு. எண்ணெய் தொடும்போது வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளி ஏற்றிக்கொள்வது அவள் வழக்கம். கீழே விழாமலிருக்க ஒரு முறை கையை உதறிப் பார்ப்பாள். ஓசை ஒரு முறை உதறியது. அந்த வளையல்களோடுதான் அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

கொல்லையில் பேச்சுக்குரல். தெளிவாகக் கேட்டது.

“ஏன் இங்க நிக்கிற? அந்தப் பிள்ளைக்கு முடிஞ்சிருச்சா?” பரீது.

“எந்தப் பிள்ளை?”

“தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருந்துச்சே. நீதான உள்ள பிடிச்சு விட்டுக்கிட்டிருந்தே? சத்தம் கேட்டுச்சே.”

“நான் எங்க பிடிச்சேன்? நீங்க கிண்ணம் கேட்டப்ப இருந்து வெறகடியிலதான நிக்கிறேன். உச்சிக்கப்புறம் யாரும் வரலைங்க.”

பிறகு ஏதோ கீழே விழுந்து உப்பு சிதறும் ஓசை. “தம்பி!” என்ற குரல். காலடிகள் ஓடி வந்தன. கதவு தட்டப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவன் போடவில்லை. பரீதும் வெளியே போனவர், போட்டிருக்க முடியாது.

“தம்பி, திரும்பாதீக! கழுத்தத் திருப்பாதீக!”

அவன் திருப்பவில்லை.

விரல்கள் திருப்பின.

கழுத்துக்குள் ஏதோ ஒன்று சொடுக்கியது. சின்ன ஓசை. பதினொரு மாதம் அடைத்திருந்தது விட்டுப்போன ஓசை. தலை இலகுவாயிற்று. அந்தக் கைகள் அதை மெல்ல, தூங்கும் குழந்தையின் தலையைத் தூக்குவது போலத் தூக்கின. சுவர் நகர்ந்தது. விரிசல் போயிற்று. எறும்பு போயிற்று. மூக்கு பாயில் உரசியது. கோரை நெடி. இருட்டு. கண்ணை மூடப் பார்த்தான். இமைமேல் எண்ணெய். வழுக்கியது. மூடவில்லை.

இடப்பக்கம்.

பக்கத்துப் பாயில் அவள் படுத்திருந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி. அன்றைக்கு அவன் படுத்திருந்த அதே மாதிரி, தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு. ஈரக் கூந்தலைக் கழுத்திலிருந்து ஒதுக்கி முன்னால் விட்டிருந்தாள், யாரோ பிடித்துவிடப் போகிறார்கள் என்பது போல. அவள் முகம் தட்டியைப் பார்த்திருந்தது. ஆனால் கைகள் இரண்டும் தோளிலிருந்து பின்பக்கமாக மடங்கி, முழங்கை வளையாத பக்கம் வளைந்து, இரண்டு பாய்களுக்கும் நடுவிலிருந்த இடத்தைத் தாண்டி, அவன் கழுத்தில் இருந்தன.

“காலையில பாப்போம்னு சொன்னீங்க.”

கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் கழுத்தில் இப்போது வலி இல்லை. வலப்பக்கம் திரும்பப் பார்த்தான். திரும்பவில்லை.

அவள் கூந்தல் பாயில் அசைந்தது. தோள் அப்படியே இருந்தது. தலை மட்டும் அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.