அழிந்துபோன ஒரிஜினல்

படத்தில் அவள் கன்னத்து அம்மை வடுக்களைக் காணவில்லை. வேலை செய்து முடித்த படத்தில் இல்லாதது சரி. கை வைக்காத படத்திலும் இல்லை என்பதுதான் யோகேஸ்வரிக்கு இடித்தது.

ராஜபாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஊர்ப்பட்ட முகங்களை கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. தரகரிடம் கொடுக்கும் பெண் படங்கள் அவள் கைபடாமல் வெளியே போகாது. எடுத்தபடியே காட்டினால் "இது நான் மாதிரியே இல்லையே" என்பார்கள். மூக்கைச் செதுக்கிக் கன்னத்தை மெழுகிக் காட்டினால் "இதுதான் நான்" என்று பூரித்துப்போவார்கள். மனுஷனுக்கு ஊரார் முகமெல்லாம் தெரியும், தன் முகம் மட்டும் தெரியாது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். ஆனால் அம்மா முத்தாத்தாள் கொடுத்தனுப்பிய படமெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தபோது, அவளும் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமர் வைத்துத் தன்னையே எடுத்துத் தன்னையே மெழுகினாள். செட்டியார்பட்டிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. இன்று சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணிருப்ப. புதுசா வேலைக்கு வந்தவன் செய்யுத தப்பு," என்றார் முதலாளி லிங்கேஸ்வரன்.

அப்படித்தான் இருக்கும் என்று போனைத் திறந்தாள். சித்தி மகள் கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியும் கையுமாக, பளிங்குக் கன்னத்தோடு அவள் நின்றாள். ஆதார் கார்டிலும் அதே கன்னம். அந்தக் கார்டு ஸ்டூடியோ கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லை. பாத்ரூம் கண்ணாடிக்கு ஓடினாள். வடுக்கள் இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அவற்றைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பஞ்சுத்தூசியும் வியர்வையும் யாரோ மடியில் வைத்திருந்த மல்லிகையும் கலந்து அடித்த வாடையில், ஜன்னல் கம்பிகளின் நிழல் முகத்தின்மேல் ஏறி ஏறி இறங்க, அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு குழியும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

தெருமுனையில் பக்கத்து வீட்டு ஜெயபாய் நின்றாள்.

"யாரைத் தேடுதிய?"

"அக்கா, நான் யோகேஸ்வரிக்கா."

"வெளையாடுதியளா? அவா இப்பத்தான என்கூட நின்னு பேசிட்டு வீட்டுக்குப் போறா. என்னா நெறம், என்னா நெறம்!"

வீட்டு வாசலில் அறியாத செருப்புகள். கேசரி நெய் வாசம். உள்ளே தம்ளர் சத்தம். அதற்கு நடுவே ஒரு குரல். அவளுடைய குரல்.

கதவைத் தட்டினாள். முத்தாத்தாள் ஒருக்களித்துத் திறந்து, சுருக்கம் விழுந்த முகத்தை மட்டும் நீட்டினாள்.

"யம்மா, உள்ள யாரு?"

முத்தாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

"சத்தம் போடாதட்டி, ஒனக்குப் புண்ணியமாப் போவும். அம்புட்டு அழகா இருக்கா. இப்பத்தான் ஒரு எடம் அமையுது. கெடுத்துராத."

"நான்தான ஒம்மக?"

"ஆமா," என்றாள் முத்தாத்தாள். "அதான் ஒங்கிட்ட கேக்கேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சாம். அந்தக் காக்கைக்கு யாரும் வேறு குஞ்சைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"போட்டோல இருக்க மாதிரியே இருக்காளே!" உள்ளே மாப்பிள்ளையின் அம்மா பூரித்தாள்.

நடுவில் பளிங்குக் கன்னத்தோடு உட்கார்ந்திருந்த அது தலை நிமிர்ந்தது. ஜன்னலைப் பார்த்தது. இமைக்கவில்லை.

முத்தாத்தாள் வந்து அதன் பின்னால் நின்றாள். தோளில் கை வைத்தாள். அவளும் ஜன்னலைப் பார்த்தாள். படத்துக்கு நிற்பவர்கள் மாதிரி இருவரும் அசையாமல் சிரித்தார்கள்.

அம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.